பெரட்டுக்களத்தில் ஒரு வாய்மொழிப் பரீட்சை

“...வேணும்னா மார்க்கக் கொறச்சுக்கோங்க மேடம், பரவாயில்ல. என் வேலைய நான் சொல்லிருவேன். ஆனா அத்தன பேரு செஞ்சத ஒருத்தி வாயால ‘நான்’னு சொன்னா, அது பதில் இல்லைங்க, களவுங்க.”

இதைச் சொன்னபோது யோகேஸ்வரியின் குரல் நடுங்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். இடம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர்த் தோட்டத்தின் பெரட்டுக்களம். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போவது என்று வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அன்று பெரட்டு முடிந்த கையோடு அதே களத்தில் யோகேஸ்வரியின் பட்டப்படிப்புக்கான கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கேள்வி கேட்டவர் பல்கலைக்கழகத்தில் எங்கள் பிரிவின் பணிப்பாளர் குமுதினி மேடம். ஒரு பக்கம் தோட்டத்துப் பெரிய தொரை, அதாவது மெனேஜர். மறுபக்கம் வாளியும் கத்தியுமாக ரப்பர்ப் பால் வெட்டும் ஆட்கள். அவர்கள் வேலைக்குப் போகாமல் வேடிக்கை பார்த்து நின்றார்கள். தொரையும் அவர்களை விரட்டவில்லை.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கினார். அவர் எங்கள் நடைமுறையில் எதையாவது மாற்றப் போகிறார் என்றால் முதலில் கண்ணாடியைத்தான் கழற்றுவார்.

இப்போது நான் ஓய்வில் இருக்கிறேன். போன மாதம் அலுவலகத்துப் பிள்ளைகள் போன் எடுத்தார்கள். “நஸீர் நானா, இரத்தினபுரிப் பக்கம் ஒரு ஹோட்டல்காரர் நம்ம பட்டப்படிப்பில சேர விரும்புறார். எல்லாம் சரி, கடைசிப் பரீட்சையை மாணவர் வேலை செய்யிற இடத்தில, கூட வேலை செய்றவங்களை வைச்சுக்கொண்டுதான் நடத்தணும் என்ற விதியை மட்டும் எடுக்கச் சொல்றார். அதை யார் போட்டது, ஏன் போட்டது என்று எங்களுக்கே தெரியாது. நீங்க எழுதித் தாங்க” என்றார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நானா என்றால் எங்கள் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் அண்ணன். வாப்பாவுக்குப் புளத்கொகுபிட்டியவில் சின்னப் புடவைக்கடை. சிங்களம் கடையில் படித்தது. தோட்டத்துத் தமிழும் கடையில் படித்ததுதான். சம்பள வாரத்தில் வந்து துணியை விரித்துப் பார்த்து, “நானா, இது தண்ணியில போட்டா சாயம் போகுமா, மானம் போகுமா?” என்று கேட்கிற பெண்களிடம் பேசிப் பேசி என் வாய் வளர்ந்தது. பிறகு கேகாலையில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டைப் அடிக்கப் போனேன். அடித்த பாடங்களை வாசித்து வாசித்து இங்கிலிஷ் பிடித்துக்கொண்டேன். பல்கலைக்கழகம் வேலை செய்கிறவர்களுக்கென்று ஒரு பட்டப்படிப்புப் பிரிவைத் தொடங்கியபோது, மும்மொழியும் பேசுகிற, பஸ்ஸில் போக அலுக்காத ஒருவர் தேவைப்பட்டார். எனக்குப் பட்டம் கிடையாது. பிறருக்குப் பட்டம் தைத்துக் கொடுத்த தையல்காரன் என்று என் மனைவி என்னைச் சொல்வாள்.

தையல் என்றுதான் சொல்ல வேண்டும். மற்றப் பட்டப்படிப்புகளில் சட்டை தயாராக இருக்கும், ஆள் போய் நுழைய வேண்டும். எங்கள் வேலையில் ஆளை அளந்துவிட்டுத்தான் துணியை வெட்டுவோம். முதலாளியோடு உட்கார்ந்து, இந்த ஆள் தினம் செய்யும் வேலையில் எது பாடமாகும், எதை வெளியிலிருந்து கற்பிக்க வேண்டும், எப்போது விடுவீர்கள், யார் மேற்பார்வை என்று ஒவ்வொன்றாகப் பேசி முடிப்போம். அந்தப் பேச்சுக்கு மேடம் எங்களுக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். முதல் நாள் கடதாசி எதுவும் கொண்டுபோகக் கூடாது. முதலாளியிடம் வேலையைக் காட்டச் சொல்லி அவர் பின்னால் நடக்க வேண்டும். நடந்து முடிந்த பிறகுதான் உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: “உங்களுக்கு எந்த நாளில் ஆள் தேவையில்லை?”

இந்தத் தோட்டத்துத் தொரையிடமும் அதையே கேட்டோம். இளம் வயது மனிதர். சப்பாத்து, நீளக் காலுறை, அரைக் காற்சட்டை, கூட ஒரு நாய். அவர் சிரித்துவிட்டுத் தோட்டத்துத் தமிழிலேயே சொன்னார்.

“மழை வந்தா மரம் லீவு. பட்டை நனைஞ்சா பால் வெட்ட முடியாது. அன்னிக்கு நீங்க பாடம் எடுங்க. வெயில் வந்தா மரத்துக்கும் வேலை, ஆளுக்கும் வேலை.”

நான் இதை நகைச்சுவை என்று நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

“பலமு” என்றார். சிங்களத்தில் ‘பார்ப்போம்’ என்று அர்த்தம். வேறு ஆட்கள் ‘பார்ப்போம்’ என்றால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மேடம் சொன்னால் அன்றிலிருந்து வேலை தொடங்கும்.

அப்படிப் பிறந்ததுதான் மழை வகுப்பு. விடியும் முன்பே மழை பிடித்த நாளில் பால்வெட்டு இல்லை, தாய்மார் வீட்டில் இருப்பார்கள், கைக்குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகள் இல்லை, கந்தோரில், அதாவது அலுவலகத்தில், நெருக்கடி இல்லை. அன்று தோட்டத்து வாசிகசாலையில் பாடம். விரிவுரையாளர் கேகாலையிலிருந்து போனில் பேசுவார், நான் நேரில் இருப்பேன். வகுப்புக்குப் போன நாளுக்கும் பேர் உண்டு என்று தொரை ஒத்துக்கொண்டார். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். பேர் விழுந்தால்தான் அந்த நாள் நாளாகும். அதனால் இந்தச் சம்மதம் பெரிய விஷயம்.

விரிவுரையாளர்கள்தான் சண்டைக்கு வந்தார்கள். ஒருவர் என்னைப் படியில் மறித்து, “நஸீர், இனிமேல் எனக்கு நேரசூசி தரப் போவது யார், தவளையா?” என்று கேட்டார். ஆனால் அந்தப் பருவம் முடிந்தபோது அவரே எனக்குப் போன் எடுத்து, “அங்கே மூடிக்கொண்டு வருகிறதா?” என்று விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

யோகேஸ்வரி அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர். அம்மாமார் வேலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து விடுகிற இடம் அது. முதல் மழை வகுப்பில் எல்லோரும் தங்கள் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நான் அவளைப் பார்த்து, “செல்லுங்க தங்கச்சி” என்றேன். அவள் எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசலில் போய்ப் பார்த்தால் தாழ்வாரத்தில் நின்று சிரிக்கிறாள்.

“நானாதானே செல்லுங்கன்னீங்க? புத்தகத்துல செல்லுங்கன்னா போங்கன்னுதானே அர்த்தம்?”

எங்கள் முஸ்லிம் ஆட்களின் பேச்சில் சொல்லுங்கள் என்பது ‘செல்லுங்க’. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். அன்றிலிருந்து நான் ‘செல்லுங்க’ என்றாலே வகுப்பில் யாராவது ஒருவர் குடையை எடுப்பார்கள்.

கடைசி அலகுக்கு ஒவ்வொருவரும் வேலைத்தளத்தில் ஒரு மாற்றத்தைச் செய்து, அதை எழுதிக் காட்ட வேண்டும். யோகேஸ்வரி எடுத்தது பிள்ளைக்காம்பரா திறக்கும் நேரம். பால்வெட்டுக்காரர் இருட்டோடு மலைக்குப் போய்விடுவார்கள். பிள்ளைக்காம்பரா நன்றாக விடிந்த பிறகுதான் திறக்கும். நடுவில் கைக்குழந்தையை யார் பார்ப்பது? வீட்டில் இருக்கிற மூத்த பெண்பிள்ளை. அவள் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவு திறக்கக் காத்திருப்பாள். பிறகு பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். முதல் பாடம் எப்போதும் போய்விடும். காம்பராவை இருட்டிலேயே திறந்தால் அந்தப் பிள்ளைகள் மணியடிக்கும்போது பள்ளியில் இருப்பார்கள். அதைச் செய்து முடித்தாள். நானே போய்ப் பார்த்தேன். இருட்டில் ஒரு பல்ப் எரிய, அடுப்பில் பால் காய, அம்மாமார் வரிசையாக வந்து பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வேலை நன்றாக நடந்தது. அதை எழுதி அனுப்பிய ஒப்படைதான் திரும்பி வந்தது.

மேடத்துக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். விரலை வைத்து மெதுவாக வாசிப்பார். யோகேஸ்வரியின் ஒப்படையை முழுதும் வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “நஸீர், இதில எல்லா இடமும் ‘நாங்க’. நாங்க யோசிச்சோம், நாங்க கேட்டோம், நாங்க திறந்தோம். அபி, அபி, அபி. மம கோ?”

அபி என்றால் ‘நாங்கள்’. மம கோ என்றால், ‘நான் எங்கே?’

மேடம் வீம்புக்குக் கேட்கவில்லை. முதல் அணி மாணவர்களில் ஒருவன் அழகான ஒப்படை கொண்டுவந்தான். வாய்மொழியில் இரண்டு கேள்வி கேட்டதும் தெரிந்துவிட்டது, அது அவனுடைய கந்தோரே கூடி எழுதியது என்று. கதை பல்கலைக்கழகச் சபை வரைக்கும் போனது. அங்கே ஒரு பெரியவர், “வேலைத்தளப் பட்டம் என்றால் வேலைத்தளத்துக்கே பட்டமா?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியோடு எங்கள் பிரிவை மூடிவிட எத்தனை பேர் காத்திருந்தார்கள் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பட்டத்தில் ஒரே பெயர்தான் அச்சாகும், அந்தப் பெயருக்குரியவர் தான் என்ன செய்தார் என்று காட்டியே ஆக வேண்டும் என்ற விதியை மேடம் அப்போதுதான் கொண்டுவந்தார்.

யோகேஸ்வரிக்கு விஷயத்தைச் சொன்னேன். “‘நாங்க’ கூடாதா? சரிங்க நானா” என்றாள். திருத்தி அனுப்பினாள். மேடம் மறுபடியும் என்னைக் கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பா கோபமா என்று பிரிக்க முடியவில்லை.

பிள்ளைக்காம்பரா திறக்கப்பட்டது. அடுப்பு மூட்டப்பட்டது. பால் காய்ச்சப்பட்டது. பிள்ளைகள் பொறுப்பேற்கப்பட்டனர். கடைசிப் பக்கம் வரைக்கும் பட்டது, பட்டது.

“முன்பு ‘அபி’யாவது இருந்தது. இப்போ ஆளே இல்லை. பேயா பால் காய்ச்சினது?” என்றார் மேடம்.

நான் அடுத்த பஸ்ஸில் ஏறிப் போனேன். யோகேஸ்வரி ஒரு குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். தொட்டில் பக்கத்தில் லெச்சுமி, அங்கே உதவிக்கு இருக்கிறவர், துணி மடித்துக்கொண்டிருந்தார்.

“ஒரு சொல்லுதானே தங்கச்சி. ‘நாங்க’ன்னு ஈக்கிற இடத்துல ‘நான்’ போட ஏலாதா?”

“போடலாங்க. அப்பறம் அந்த ஒப்படைக் காப்பி யாருக்குப் போவும்?”

“தொரைக்கு. அவர்தானே வேலைத்தள மேற்பார்வையாளர்.”

“அதான். லெச்சுமியக்கா இருட்டுல வந்து மூட்டுன அடுப்ப நான் மூட்டுனேன்னு தொரை படிச்சா, அக்காவுக்கு அந்த நேரத்துக்கான பேரு விழுமா?”

லெச்சுமி துணியிலிருந்து தலையைத் தூக்காமல், “எழுதிட்டுப் போயேன்டி. ஒனக்குப் பட்டம் வந்தா எனக்கு என்ன, காய்ச்சலா வரப்போவுது?” என்றார்.

“நீங்க சும்மா இருங்கக்கா.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நானா, எங்கப்பா ஒரு தடவ ‘நான்தான் கேட்டேன்’னு சொல்லிட்டாரு. பைப்புத் தண்ணி விஷயம், பழைய தொரை காலம். கேட்டது லயத்து வீடுகள்ல இருக்குற ஆளுக பூரா. ஆனா சொன்ன வாய் அவரு வாய். பொறவு எங்கப்பாவுக்கு எப்பவும் தூரத்து மலைதான், முழங்கால் தேயிற ஏத்தம். அன்னையிலேருந்து எங்க வீட்டுல நல்லதுக்கும் நாங்க, கெட்டதுக்கும் நாங்க. ‘நான்’ எழுதப் பேனா எடுத்தா கை கூசுதுங்க.”

நான் பஸ் பிடித்தேன். திரும்பி வந்து மேடத்திடம் அப்படியே சொன்னேன்.

“அந்தப் பெண் சொல்வது சரி. என் விதியும் சரி” என்றார். “ரெண்டும் சரியா இருந்தா, ஒப்படையை இங்கே கொண்டுவரச் சொன்னது பிழை. நாங்கள் அங்கே போவோம். பலமு.”

தொரைக்கு விஷயத்தைச் சொன்னபோது அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த அணிக்குத் தோட்டத்திலிருந்து மூன்று பெண்கள் விண்ணப்பித்திருந்தார்கள். “யோகேஸ்வரி பாஸ் பண்ணட்டும், மூணு பேரையும் விடுறேன். ஃபெயில்னா கொம்பனிக்கு நான் என்ன சொல்றது?” அந்த மூவரில் ஒருத்தி, தம்பியை இடுப்பில் சுமந்து முதல் பாடத்தைத் தொலைத்து வளர்ந்தவள். இப்போது தொழிற்சாலைக் கந்தோரில் இருந்தாள்.

பரீட்சைக்கு முதல் நாளே மேடம் வந்து எங்கள் வீட்டில் தங்கினார். இருட்டோடு மூன்று சக்கர வண்டியில் தோட்டத்துக்கு ஏறினோம். எத்தனையோ விடியலில் மழை பெய்யுமா என்று வானத்தை அண்ணாந்து பார்த்தவன் நான். அன்று பெய்யக் கூடாதே என்று பார்த்தேன். மழை வந்தால் பெரட்டு இல்லை, ஆட்கள் இல்லை, பரீட்சையும் இல்லை. தெரணியகலைப் பக்கம் கறுத்திருந்தது. எங்கள் பக்கம் வரவில்லை.

ஆட்களை மேய்க்கிற முனியாண்டிக் கங்காணி படிக்கல்லில் ஏறி நின்று பெரட்டுப் பிடித்தார். பெயர் கூப்பிடக் கூப்பிட, “வந்தேன்”, “வந்தேன்” என்று குரல் வந்தது. முடிந்ததும் மேடம் யோகேஸ்வரியை நடுவே அழைத்தார். காம்பராவைப் பற்றிக் கேட்டார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, எல்லாம் ‘நாங்க’வோடு வந்தது. கடைசியில் மேடம் நேராகவே கேட்டார்: “இதில நீங்க செய்தது எது மகள்? ‘நான்’ என்று சொல்லுங்க.” அதற்குத்தான், மார்க்கைக் குறைத்தாலும் களவு சொல்ல மாட்டேன் என்று அவள் பதில் சொன்னாள்.

ஹோட்டல்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். அன்றைக்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து மூன்று பெண்களும் படிக்க வந்தார்கள். லெச்சுமிக்கு இருட்டில் வந்த நேரத்துக்கெல்லாம் பேர் விழுந்தது. மேடம் அந்த வாரமே விதியைத் திருத்தினார். யார் யார் செய்தார்கள் என்று அவர்கள் முன்னாலேயே சொல்ல வேண்டும், அதன் நடுவில் தன் இடம் எது என்று மாணவர் காட்ட வேண்டும். ‘நான்’ என்பதை ஒருவர் தனியாகச் சொல்வது கஷ்டம். கூட இருப்பவர்கள் கேட்டுக்கொண்டு நிற்கும்போது பொய்யாகச் சொல்வது அதைவிடக் கஷ்டம். ஹோட்டல் குசினியிலும் இது இப்படித்தான் இருக்கும். அவரிடம் இதைச் சொல்லுங்கள். நீங்களும் முதல் நாள் கடதாசி இல்லாமல் போய், அவர் பின்னால் நடந்து பாருங்கள். பிறகும் அந்த விதியை எடுக்கச் சொன்னால் எனக்குப் போன் எடுங்கள், நான் பஸ் ஏறி வருகிறேன்.

இனி விட்ட இடத்துக்கு வருகிறேன். மேடம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொரை நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். யோகேஸ்வரி என்னைப் பார்த்தாள். பரீட்சையில் நான் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் என் வாய் எப்போது சொன்ன பேச்சைக் கேட்டது?

“செல்லுங்க தங்கச்சி” என்றேன்.

அவள் போனாள். நேரே கங்காணியின் படிக்கல்லை நோக்கிப் போனாள். “மாமா, செத்த எறங்குங்க” என்றாள். அவர் இறங்கினார். ஒரு பொம்பிளை அந்தக் கல்லில் ஏறி நான் பார்த்ததில்லை. அவள் ஏறி நின்று, பெரட்டுக் குரலில் கூப்பிட்டாள்.

“லெச்சுமி.”

“வந்தேன்.”

“இருட்டோட வந்து அடுப்பு மூட்டுனது, பால் காய்ச்சுனது.” கையால் ஓரிடத்தைக் காட்டினாள். லெச்சுமி அங்கே போய் நின்றார்.

“சரோஜா.”

“வந்தேன்.”

“மத்த அம்மாமாரப் பேசி முறை வச்சு, நாளைக்கொருத்தர் கூட நிக்கச் செஞ்சது.” சரோஜா லெச்சுமிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஜோன்.”

“வந்தேன். பல்ப் போட்டது. ரெண்டு தடவ.” ஆட்கள் சிரித்தார்கள்.

“முனியாண்டி.”

“என் கல்லுல நின்னு என்னையவே கூப்பிடுறியா?” என்றார் கங்காணி. பிறகு தொண்டையைச் செருமி, “வந்தேன்” என்றார்.

“கைப்புள்ளக்காரிகளுக்குக் கிட்டத்து மலையா மாத்திக் குடுத்தது.”

அடுத்து யார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

“பெரிய தொரை.”

நாய்கூட அசையவில்லை. தொரை அவளைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

“வந்தேன்.”

“காம்பராச் சாவியத் தந்தது.”

தொரை நடந்து போய் முனியாண்டிக்குப் பக்கத்தில் நின்றார். நாயும் போய் நின்றது.

“யோகேஸ்வரி” என்று அவள் கடைசியாகக் கூப்பிட்டாள். பதில் இல்லை. அவளே கல்லிலிருந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வரிசையில் லெச்சுமிக்கும் சரோஜாவுக்கும் நடுவில் புகுந்து நின்று, “வந்தேன்” என்றாள்.

பிறகு மேடத்தைப் பார்த்துச் சொன்னாள்:

“இவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் போய்க் கேட்டது நான்.”